டிராக்டர் என்று ஒரு பசு

மெரிங்கா பள்ளத்தாக்கு, கிப்ஸ்லாந்து
9 மார்ச் 1971

அன்புள்ள தம்பி லாய்டுக்கு,

நீயும் டோரினும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான் பால் கறக்கிறேன். இப்போதைக்கு எங்கள் சுகம் இவ்வளவுதான்.

தந்தி கிடைத்ததா என்று தெரியவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இணைப்பகத்தில் இன்னும் மிஸஸ் டூலிதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உன்னிடம் அழுதால் பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா காலைக் கறவையை முடித்துவிட்டு, கீழ் மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்க்கப் போனார். பத்தரை மணி தேநீருக்கு வரவில்லை. "உங்கப்பா டீக்கு லேட்டா வந்ததே இல்ல. போய்ப் பாரு" என்றாள் அம்மா. போனேன். தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார். மாடுகள் சுற்றி நின்றன. டாக்டர் இதயம் என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அடக்கம். இரண்டு கறவைக்கும் நடுவே வைத்தால்தானே நம் ஆட்கள் வர முடியும்? பாதிரியார் பேச்சை நீட்டிக்கொண்டே போக, பின்வரிசையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்பா இருந்திருந்தால் முதலில் எழுந்து போயிருப்பவர் அவர்தான். மாலையில் பக்கத்துப் பண்ணை மெர்வ் கேட்காமலே வந்து நம் மாடுகளைக் கறந்தான். புதுக் கை என்று அவை பாலை இறக்கவே இல்லை. "உங்கப்பா இதுங்களுக்கு ரொம்பச் செல்லம் குடுத்துட்டாரு வெர்னா. பாட்டு பாடினாத்தான் பால் விடுமாம். நான் கோயில்லயே வாய மட்டும் அசைக்கிறவன், எங்க போவேன்?" என்றான். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கூட்டுறவு வெண்ணெய் ஆலையின் மாதத்தாளில் அப்பாவின் வாழ்க்கையைப் பற்றி அரைப் பக்கம் போடுவார்கள். அதை நீதான் எழுத வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். பள்ளியில் கட்டுரைப் பரிசு வாங்கியவன் நீதானாம். நான் வாங்கியது தையலுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர் வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் அக்கா,
வெர்னா


போர்ட் ஹெட்லண்ட்
28 மார்ச் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்கு நாலு பல் வந்துவிட்டது. அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

தந்தி வந்தபோது நான் தண்டவாள வேலையாக நூற்றைம்பது மைல் உள்ளே இருந்தேன். திரும்பியபோது அப்பாவை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முன்னாலேயே கிடைத்திருந்தால் வந்திருப்பேனா என்று டோரின் கேட்டாள். நான் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

அரைப் பக்கம் எழுத என்னால் ஆகாது. பத்து வயதானால் பிள்ளைக்கு ஒரு கிடாரிக் கன்று, அதன் வழியில் பிறக்கிற பெட்டைக் கன்றுகள் எல்லாம் அந்தப் பிள்ளைக்கே. நம் வீட்டில் இது யார் போட்ட சட்டம்? அவர் போட்டதுதான். அந்தக் கிடாரிக்கு நான் டிராக்டர் என்று பெயர் வைத்தபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவர் மட்டும் சிரிக்காமல் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அப்படிப்பட்டவர், நான் ரயில்வேக்குப் போகிறேன் என்றதும் என்ன செய்தார்? ஆறு மாதம் கழித்து என் பசு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. "உன் மாட்டை விற்றுவிட்டேன்." கீழே "சி. பாஸ்கோ" என்று கையெழுத்து. பெற்ற மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் சி. பாஸ்கோ!

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதையா வெண்ணெய் ஆலைக்கு அனுப்பட்டும்?

அம்மாவுக்கு என் முத்தங்கள். குழந்தையின் படம் வைத்திருக்கிறேன்.

லாய்ட்


மெரிங்கா பள்ளத்தாக்கு
14 ஏப்ரல் 1971

அன்புள்ள லாய்டுக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. அம்மா படத்தைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதனோடு பேசுகிறாள். மூட்டு வலி பரவாயில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று முதல் இலையுதிர்கால மழை பெய்தது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தினமும் நாலரை மணிக்கு எழுந்து அம்மாவுக்குத் தேநீர் போட்டுப் படுக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வருவார். அம்மா அதைக் குடித்ததே இல்லை. அந்த நேரத்தில் யார் குடிப்பார்கள்? முப்பத்தைந்து வருடமாக ஜன்னல் வழியே ஹைட்ரேஞ்சியா செடிக்கு ஊற்றிவந்திருக்கிறாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அவளே எழுந்து தேநீர் போட்டு, படுக்கைக்கு எடுத்துப்போய், முழுக் கோப்பையையும் குடித்தாள். பழக்கமில்லாததால் வயிற்றைப் புரட்டியதாம்.

வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டார். மெல்பர்ன் கால்நடைக் கண்காட்சிக்குப் போனாலும் கடைசி ரயிலைப் பிடித்து வந்துவிடுவார். "அங்க எல்லாம் நல்ல மாடுதான். ஆனா என்னத் தெரிஞ்ச மாடு ஒண்ணுகூட இல்ல" என்பார்.

வழக்கறிஞர் வந்து போனார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அரைப் பக்கத்தை மட்டும் மறுபடியும் யோசித்துப் பார்.

டோரினைக் கேட்டதாகச் சொல்.

வெர்னா


போர்ட் ஹெட்லண்ட்
9 மே 1971

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஹைட்ரேஞ்சியா கதையைப் படித்து டோரின் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று ஞாபகத்தில் சுற்றுகிறது. ஓடை பெருகிய வருடம். ஒரு தோளில் கன்றுக்குட்டி, இன்னொரு தோளில் நான். மார்பளவு தண்ணீர். நான் கத்துகிறேன், கன்றும் கத்துகிறது. "ரெண்டு பேர்ல யாரு மொதல்ல வாய மூடறீங்களோ அவங்களத்தான் மொதல்ல எறக்கிவிடுவேன்" என்றார். கன்றுதான் ஜெயித்தது.

இதை எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். சி. பாஸ்கோ குறுக்கே வந்துவிட்டார்.

இன்னொன்று. என் மாட்டைப் பற்றி நான் ஒரு பக்கம் புலம்பியிருந்தேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த ஒன்பது வருடமும் நீ அப்படித்தான். அப்பாவுக்குப் பயந்தாய் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் இல்லையே?

அம்மா உடம்பைக் கவனித்துக்கொள்.

லாய்ட்


மெரிங்கா பள்ளத்தாக்கு
30 மே 1971

அன்புள்ள லாய்டுக்கு,

அம்மாவுக்கு லேசான இருமல், பயப்பட ஒன்றுமில்லை. நான் நலம். வேலை அதிகமாக இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை. காசநோய்ப் பரிசோதனைக்கு அரசாங்கக் கால்நடை ஆய்வாளர் அடுத்த மாதம் வருகிறார். ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர், வயது, உடைமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

வெர்னா


போர்ட் ஹெட்லண்ட்
20 ஜூன் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஏழெட்டு வரிகூட இல்லை. அம்மாவுக்கு நிஜமாகவே இருமல் மட்டும்தானா? உனக்கு ஏதாவதா? மறைக்காதே. குழந்தை இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

போன தடவை உன்னைக் குத்திப் பேசிவிட்டேன், மன்னித்துவிடு. சண்டைக்காக இல்லாமல் ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருடமாகக் கேட்க வாய் வரவில்லை. டிராக்டரை வாங்கியது யார்? வேறு பண்ணைக்குப் போனதா, கசாப்புக்கா? எதுவானாலும் சொல், தாங்கிக்கொள்வேன். பண்ணைக்குத்தான் என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

உடனே பதில் போடு.

உன் தம்பி,
லாய்ட்


மெரிங்கா பள்ளத்தாக்கு
11 ஜூலை 1971

அன்புள்ள என் தம்பிக்கு,

அம்மா இருமல் தெளிந்து நன்றாக இருக்கிறாள். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி.

டிராக்டரை யாரும் வாங்கவில்லை. அப்பா அவளை விற்கவே இல்லை. அவள் 1967இல் குளிர்காலத்தில் நம் மேட்டு நிலத்தில் வயதாகிச் செத்தாள். அப்பா மண்வெட்டி எடுத்து அவரே குழி தோண்டினார். வேறெந்த மாட்டுக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் வழியில் இப்போது கொட்டகையில் பதினொரு பசுக்கள் நிற்கின்றன. குறிப்பேட்டில் "லாய்டின் மாடுகள்" என்று அவற்றுக்குத் தனிப் பக்கமே இருக்கிறது. பெயர்களைக் கேள். நீ ரயில்வேயில் சேர்ந்து கைகாட்டி வேலை பழகினாயே, அந்த வருடத்துக் கன்று சிக்னல். கல்கூர்லிக்கு மாற்றலானபோது பிறந்தவள் டீசல். நீ கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய், அந்த மாதத்துக் கன்றுக்கு ஆம்புலன்ஸ் என்று எழுதியிருக்கிறார். துறைமுகத்துக்கு வந்ததும் கிரேன். போன வருடம் உன் மகள் பிறந்த செய்தி வந்த அன்று ஈன்ற கன்று தள்ளுவண்டி. கோயிலில் கடைசி வரிசையில்கூடச் சிரிக்காத மனிதர், விடியற்காலையில் மூடுபனியில் நின்று "ஆம்புலன்ஸ், வாடி கண்ணு" என்று கூப்பிடுவார். நீ அம்மாவுக்கு எழுதுகிற கடிதங்களை அவர் படித்ததே இல்லை என்றுதான் அம்மா இன்றுவரை நினைக்கிறாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். 1966இல் ஒரு காலை, கறவை இயந்திரத்தின் குழாய்களைப் பசுவின் மடியில் மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அப்பா சொன்னார்: "லாய்டுக்கு எழுதினா சொல்லிடு. அவன் மாட விக்கல. அன்னிக்குக் கோவத்துல அப்படி எழுதிட்டேன். எனக்கு எழுத வரல, நீ எழுதிடு." எழுதுகிறேன் என்றேன். மூன்று வாரம் கழித்து எழுதிவிட்டாயா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். பதில் வந்ததா என்றார். இன்னும் இல்லை என்றேன். அப்புறம் இரண்டு தடவை கேட்டார். அதன் பிறகு கேட்கவே இல்லை.

நான் எழுதவில்லை, லாய்ட். எழுதினால் நீ அடுத்த ரயிலில் வந்துவிடுவாய் என்று தெரியும். நம் பள்ளத்தாக்கில் பண்ணை மகனுக்கு, மகளுக்குத் தையல் இயந்திரம். பதினைந்து வயதிலிருந்து இந்தக் கொட்டகையில் நிற்கிறேன். ஒவ்வொரு மாட்டின் மூச்சும் எனக்குத் தெரியும். நீ வந்தால் நான் யார் வீட்டிலாவது போய்த் துணி மடிக்க வேண்டியதுதான் என்று பயந்தேன். நீ பாட்டுக்கு ரயிலில் சந்தோஷமாக இருக்கிறாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலில் ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் போனால் அதை எப்படிச் சொல்வது? ஒரு வருடம் போனால்?

ஏப்ரலில் வழக்கறிஞர் உயிலைப் படித்தார். பண்ணை எனக்கு, அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவுக்கு, லாய்டின் மாடுகள் லாய்டுக்கு. அப்பா அதை எழுதிவைத்த தேதி 1964 நவம்பர். நான் பொய் சொல்வதற்கு இரண்டு வருடம் முன்பே.

நீ என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுதாமல் விட்டாலும் சரி. மாடுகள் எல்லாம் நலம். பரிசோதனையில் ஒன்றுக்கும் நோய் இல்லை. உடைமையாளர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

வெர்னா


போர்ட் ஹெட்லண்ட்
29 ஆகஸ்ட் 1971

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஏழு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். வேலை, வேறொன்றும் இல்லை. இப்போது கன்று ஈனும் காலம், நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன்னிடம் மறைத்த விஷயம் எனக்கும் ஒன்று உண்டு. டிராக்டர் உயிரோடு இருக்கிறாள் என்று 1966 கிறிஸ்துமஸ் சமயத்திலேயே அம்மா எனக்கு எழுதிவிட்டாள். அப்பா விற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வரவில்லை. வீம்புதான். கையில் ஒரு மனத்தாங்கல் இருந்தால் வராமல் இருப்பது சுலபம். ஆகவே நீ எழுதியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர் காத்திருந்தார் என்றால் அது என்னால். உன் கணக்கில் அதைச் சேர்க்காதே.

பண்ணை சரியான கைக்குத்தான் போயிருக்கிறது. எனக்கு இப்போது பால் கறக்கச் சொன்னால் மாடு சிரிக்கும்.

வெண்ணெய் ஆலைக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நிறைய எழுதி நிறைய அடித்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்:

"கிளாரி பாஸ்கோ, வயது அறுபத்தெட்டு. நாற்பது வருடம் ஒரே கொட்டகையில் பால் கறந்தார். கடைசி ரயிலைத் தவறவிட்டதே இல்லை. மனைவிக்குத் தினமும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளத்தில் ஒரு தோளில் கன்றையும் மறு தோளில் மகனையும் தூக்கி வந்தார். இரண்டு பேரில் ஒருவன் வீட்டை விட்டுப் போனான். அவன் விட்டுப்போன பசுவை அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்."

அம்மாவிடம் படித்துக் காட்டு. மாதத்தாளில் இடம் மிச்சமிருந்தால் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

உன் தம்பி,
லாய்ட்


மெரிங்கா பள்ளத்தாக்கு
12 செப்டம்பர் 1971

அன்புள்ள தம்பிக்கு,

இருபத்திரண்டு கன்றுகள் ஈன்றாயிற்று. எனக்கு முதுகைத் தவிர எல்லாம் நலம். அம்மாவும் தினமும் கொட்டகைக்கு வருகிறாள்.

நீ எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். ஒரு கன்றுக்கு வாளியில் பால் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல் கன்றின் வாயில் இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். "பாத்தியா, பரிசு வாங்கினவன்" என்றாள். அன்றே ஆலைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பிறகு, நான் செய்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லாமல், அவள் உனக்கு எழுதியதாக நீ சொன்ன கிறிஸ்துமஸ் கடிதத்தைப் பற்றிக் கேட்க முடியாதே. அவள் விரலை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கன்றைப் பார்த்தபடியே, "நான் அப்படி எதுவும் எழுதலயே. அவர் மாட வித்துட்டேன்னு அவனுக்கு எழுதினதே எனக்கு இப்பத்தான் தெரியுது. தெரியாததப் பத்தி நான் என்னன்னு எழுதுவேன்?" என்றாள்.

எனக்கும் முன்பே சந்தேகம்தான். யார் வாங்கியது, கசாப்புக்கா என்று ஜூனில் கேட்டவன், 1966லேயே தெரிந்தவனா? உனக்குப் பொய் சொல்ல வராது லாய்ட். சின்ன வயதிலேயே வராது. ஏழு வாரம் அந்தப் பொய்யோடு நீ எப்படி மல்லுக்கட்டியிருப்பாய் என்று நினைத்து அன்றைக்குக் கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அவன் அப்படி எழுதியிருந்தா அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நீ திருத்தப் போகாத" என்றாள் அம்மா. அவள் சொல்வதை நான் இந்த ஒரு விஷயத்தில் கேட்கப்போவதில்லை.

கன்று வாளியை நக்கி முடித்ததும் அம்மா எழுந்து கை கழுவினாள். அப்போது இன்னொன்றும் சொன்னாள். "அஞ்சு வருஷமா தபால் பெட்டிக்கு உங்கப்பாவேதான் போவாரு. காலுக்கு நடை வேணும்னு சொல்வாரு. பகல் பூரா மாட்டுக்குப் பின்னாடி நடக்கிற மனுசனுக்கு எதுக்குடா நடைன்னு நான் நெனச்சுக்குவேன்." என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டே பழகியவள்தான் நான். ஆனால் அந்த நடையை உன் மேல் போட்டுக்கொண்டு நீ அங்கே உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. ஒவ்வொரு நாளும் அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உன் பதில் இல்லாமல் திரும்பினார் என்றால், அது என்னால். நான் எழுதியிருந்தால் நீ வந்திருப்பாய். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதை எனக்கே விட்டுவிடு, தம்பி. உன் அன்பை எடுத்துக்கொள்கிறேன், உன் பொய்யைத் திருப்பி அனுப்புகிறேன்.

என்னை மன்னிக்க முடிந்தால் வா. முடியாவிட்டாலும் வா. டோரினையும் குழந்தையையும் கூட்டி வா. எனக்காக இல்லாவிட்டாலும், அவருக்காக ஒரு தடவை.

உன் அக்கா,
வெர்னா